ஒரு பொய்யும் ஒன்பது மெய்யும்

மாயாஜாலப் படமும் விஞ்ஞானப் படமும் எதனால் ஜெயிக்கின்றன, எதனால் தோற்கின்றன?

(ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, போனஸ், பஞ்சப்படி என்று பேச வேண்டிய மேடையில் பூதத்தையும் மந்திரவாதியையும் வேறு கிரகத்து மனிதனையும் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

பெண்டாட்டி பிள்ளைகளோடு ஒரு படத்துக்குப் போனால் என்ன ஆகிறது? டிக்கெட், பஸ் சார்ஜ், இடைவேளையில் பிள்ளைகளுக்கு முறுக்கு என்று கணக்குப் போட்டால் ஒரு நாள் கூலி சுளையாகப் போய்விடுகிறது. நாற்பதாம் நம்பர் நூலுக்கும் அறுபதாம் நம்பர் நூலுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் விரல் நுனிக்குத் தெரியும். விதை நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தே முளைக்குமா முளைக்காதா என்று சொல்லிவிடுவீர்கள். அப்படிப்பட்ட நீங்கள், ஒரு நாள் கூலியைக் கொடுத்து வாங்குகிற சரக்கின் தரத்தை மட்டும் ஏன் பார்க்கக் கூடாது? இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் ஒன்று உண்டு. மாயாஜாலப் படம் என்றாலே மூட நம்பிக்கை, அதை ஒதுக்கிவிட வேண்டும் என்று நமது தோழர்களிலேயே சிலர் சொல்லுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. ராஜபாளையத்தை ஒட்டி நிற்கிறதே சஞ்சீவி மலை, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? மூலிகை தேடிப் போன அனுமான், மூலிகை எது என்று தெரியாமல் மலையையே பெயர்த்துத் தூக்கிக்கொண்டு பறந்த கதையிலிருந்து வந்தது. தலையில் மண்கூடை சுமக்கிறவன், முதுகில் மூட்டை சுமக்கிறவன், ஒரு மலையையே அநாயாசமாகத் தூக்கும் ஒருவனைக் கற்பனை செய்தான். வில்லுப்பாட்டிலும் தோல்பாவைக் கூத்திலும் விடிய விடிய அதைக் கேட்டான். இல்லாத ஒன்றை நினைத்துப் பார்க்கும் சக்தி ஜனங்களின் சொத்து. இன்று இருப்பது மட்டுமே என்றைக்கும் இருக்கும் என்று நினைக்கிறவனால் ஒரு மாற்றத்தையும் கொண்டுவர முடியாது. ஆகவே, இந்தச் சக்தியைச் சினிமா எப்படி நடத்துகிறது என்று பார்ப்பது நம்முடைய வேலையே ஆகும்.

வெற்றி என்பது எது?

வெற்றி என்றால் முதல் மூன்று நாள் வசூல் என்று பட முதலாளிகள் சொல்லுவார்கள். வசூல் முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எத்தனையோ படங்கள் சுவரொட்டி கிழிவதற்கு முன்பே மறந்து போகின்றன. சில படங்களோ பாட்டன் பார்த்து, மகன் பார்த்து, பேரனும் பார்க்கிறான். ஜனங்களின் வாயில் நிற்பதும் ஒரு வெற்றி. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு பார்ப்போம்.

1957-ஆம் ஆண்டில் 'மாயா பஜார்' வந்தது. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் நடத்திய விஜயா கம்பெனியின் படம். கே. வி. ரெட்டி டைரக்ட் செய்தார். தெலுங்கிலும் தமிழிலும் எடுத்தார்கள். கடோத்கஜனாக எஸ். வி. ரங்காராவ் கல்யாண வீட்டுச் சாப்பாட்டைத் தனியாக உட்கார்ந்து தின்று தீர்க்கிறார். லட்டு தானாகப் பறந்து அவர் வாய்க்குள் போகிறது. காமிராக்காரர் மார்க்கஸ் பார்ட்லி. இன்றைய கம்ப்யூட்டர் எதுவும் அன்று கிடையாது. இருந்தாலும் இன்றைக்குக் கைப்பேசியில் பார்க்கிற குழந்தையும் சிரிக்கிறது. என்ன காரணம்?

கதையைப் பாருங்கள். வியாசர் பாரதத்தில் இல்லாத, ஜனங்கள் தாங்களாகக் கட்டிய கதை இது. அபிமன்யுவுக்கு வத்சலாவைக் கொடுப்பதாகப் பேச்சு. பாண்டவர்கள் சூதாட்டத்தில் நாட்டை இழந்து நடுத்தெருவுக்கு வருகிறார்கள். உடனே பெண் வீட்டார் மனம் மாறுகிறது. துரியோதனன் மகன் லட்சுமண குமாரனுக்குப் பெண்ணைக் கொடுக்க ஏற்பாடாகிறது. சொத்து போனதும் சொந்தம் போயிற்று! இது துவாரகையில் மட்டும் நடக்கிற சங்கதியா? நிலம் கடனில் போன வீட்டில், வேலை போன வீட்டில், பேசிய சம்பந்தம் நின்று போனதை நீங்கள் பார்த்ததில்லையா?

அந்த அநியாயத்தைச் சரிசெய்யத்தான் மாயை வருகிறது. கடோத்கஜன் பெண் உருவம் எடுத்து மணமேடையில் உட்காருகிறான். அதை நடிக்கிறவர் சாவித்திரி. உருவம் மெல்லிய பெண்ணின் உருவம்; நடையும் மிடுக்கும் பார்வையும் ராட்சசனுடையவை. காமிரா தந்திரம் எதுவும் இல்லாமல், ஒரு நடிகையின் தோளிலும் கண்ணிலும் அந்த மாயம் நடக்கிறது. நாம் நம்பிவிடுகிறோம்.

இதிலிருந்து எனக்குத் தெரிகிற முதல் பாடம் இது. மாயப் படம் நம்மிடம் ஒரு பொய்யை நம்பச் சொல்லிக் கேட்கிறது. 'ராட்சசன் வேறு உருவம் எடுப்பான்' என்கிறது. சரி என்று அந்த ஒரு பொய்யை நாம் கடனாகக் கொடுக்கிறோம். அதற்குப் பதிலாக மற்ற ஒன்பதும் மெய்யாக இருக்க வேண்டும். பெற்றவள் பெற்றவள் மாதிரி இருக்க வேண்டும். பணத்தாசை பணத்தாசை மாதிரி இருக்க வேண்டும். பசி பசியாக இருக்க வேண்டும். வாங்கிய கடனை இப்படித் திருப்பிக் கொடுக்கிற படம் நிற்கிறது. கடனுக்கு மேல் கடன் வாங்கிக்கொண்டே போகிற படம் திவாலாகிறது.

சிலை யார் கையில்?

அதே கம்பெனி, அதே டைரக்டர், 1951-ஆம் ஆண்டில் எடுத்த படம் 'பாதாள பைரவி'. கதாநாயகன் ராஜகுமாரன் இல்லை, தோட்டக்காரன் மகன். ராஜாவின் மகளை விரும்புகிறான். ராஜா அவனுக்கு விதிக்கிற நிபந்தனை என்ன? நல்லவனா, வல்லவனா என்று கேட்கவில்லை. எங்களுக்குச் சமமான செல்வத்தோடு வா என்கிறார்! அந்தச் செல்வத்தைத் தேடிப் போகிறவன் மந்திரவாதியின் கையில் சிக்குகிறான். அவனைப் பலி கொடுத்து, கேட்டதைக் கொடுக்கும் சிலையைப் பெறுவது மந்திரவாதியின் திட்டம். சூது தெரிந்து, அவன் மந்திரவாதியையே வீழ்த்திச் சிலையைப் பெறுகிறான். மாளிகை எழும்புகிறது.

பிறகு நடப்பதைக் கவனியுங்கள். சிலை மறுபடியும் மந்திரவாதியின் கைக்குப் போகிறது. உடனே மாளிகையும் போகிறது, ராஜகுமாரியும் போகிறாள். சிலைக்கு நல்லவன், கெட்டவன் என்ற பேதம் இல்லை. எவன் கையில் இருக்கிறதோ அவனுக்கு வேலை செய்யும்! ஸ்பின்னிங் பகுதியில் நிற்கிற தோழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யந்திரமும் அப்படித்தான். கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தவன் கைதட்டியதற்குப் பூதமும் குகையும் மட்டும் காரணமில்லை. 'உனக்குச் சமமான செல்வம் இல்லை' என்று யாரோ ஒருவன் அவனிடமும் சொல்லியிருக்கிறான்.

மாயம் ஒரு நிஜமான தேவையிலிருந்து பிறக்க வேண்டும் என்பது இரண்டாவது பாடம்.

சட்டம் போட்டால் மீறக் கூடாது

பழைய காலத்துப் படங்களை மட்டும் புகழுகிறேன் என்று இளைஞர்கள் கோபிக்க வேண்டாம். 2015-ஆம் ஆண்டில் 'இன்று நேற்று நாளை' என்ற படம் வந்தது. ஆர். ரவிகுமாருக்கு அதுதான் முதல் படம். பெரிய செலவு கிடையாது. எதிர்காலத்திலிருந்து ஒரு கால யந்திரம் வந்து இரண்டு வேலையில்லாத வாலிபர்கள் கையில் கிடைக்கிறது. அதை வைத்து என்ன செய்கிறார்கள்? உலகத்தைக் காப்பாற்றவில்லை. ஒருவன் ஜோசியன்; காணாமல் போன பொருள் எங்கே இருக்கிறது என்று கேட்டு வருகிறவர்களுக்கு, பழைய நாளுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பலன் சொல்லிக் காசு வாங்குகிறான்! வயிற்றுப் பிழைப்புக்கு வழி தேடுகிற எந்த இளைஞனும் இதைத்தான் செய்வான். அதனால் நம்பினோம். ஜோசியம் பலிக்கிறது என்றால் உள்ளே ஒரு தந்திரம் இருக்கிறது என்பதும் போகிற போக்கில் தெரிந்தது.

அந்தப் படம் ஒரு சட்டம் போடுகிறது: பழைய நாளில் ஒரு துரும்பை நகர்த்தினாலும் இன்றைய நாள் மாறும். இவர்களுடைய அஜாக்கிரதையால், செத்திருக்க வேண்டிய ஒரு ரௌடி சாகாமல் பிழைத்துக்கொள்கிறான். கதையின் கஷ்டமெல்லாம் அதிலிருந்து வருகிறது. போட்ட சட்டத்தைக் கடைசி வரை மீறவில்லை. படம் ஓடியது.

பல படங்கள் இங்கேதான் வழுக்கி விழுகின்றன. முதல் பாதியில் மந்திரவாதியின் உயிர் கிளியில் இருக்கிறது என்பார்கள். பிற்பாதியில் கதாநாயகன் வாளால் வெட்டியே கொன்றுவிடுவான். அப்படியானால் கிளி எதற்கு? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் மீறுகிற நிர்வாகத்தை நாம் நம்புகிறோமா? கொட்டகையில் மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

பணம் செய்ய முடியாதது

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா எப்படி ஆகிறது? பாலும் சர்க்கரையும் சேர்த்து, அடுப்பை விட்டு நகராமல் கிண்ட வேண்டும். பால் கெட்டுப்போயிருந்தால் சர்க்கரையைக் கொட்டியும் பயனில்லை, பளபளப்பான டப்பாவில் அடைத்தும் பயனில்லை. படமும் அப்படித்தான்.

2014-ஆம் ஆண்டில் 'கோச்சடையான்' வந்தது. நடிகரின் அசைவைக் கருவிகளால் பதிவு செய்து, அதிலிருந்து கம்ப்யூட்டரில் உருவம் சமைக்கும் புது முறை. ரஜினிகாந்த் முகம் இருந்தது. முகத்தில் உயிர் இல்லை. ஜனங்கள் ஒட்டவில்லை. தோல்பாவைக் கூத்தில் இருப்பது ஓட்டை போட்ட ஆட்டுத்தோல்தானே, அதைப் பார்த்து எப்படி அழுதார்கள்? தோல்பாவை 'நான் பாவை' என்று ஒப்புக்கொள்கிறது. மீதியை நம் மனசு நிரப்புகிறது. இந்தப் படமோ 'நான் மனிதன்' என்று சாதித்தது. அதனால் குறை மட்டுமே கண்ணில் பட்டது.

2015-ஆம் ஆண்டின் 'புலி', 2024-ஆம் ஆண்டின் 'கங்குவா' இரண்டும் பெரிய நட்சத்திரங்களையும் பெரும் பணத்தையும் நம்பி எடுத்த படங்கள். இரண்டும் எதிர்பார்த்தபடி போகவில்லை. 'கங்குவா' வெளிவந்த சில நாளிலேயே, சத்தம் தாங்கவில்லை என்ற புகார் கிளம்பி, ஒலியைக் குறைத்து ஓட்டும்படி தயாரிப்பாளர் தரப்பே கொட்டகைகளைக் கேட்டுக்கொண்டது. எட்டு மணி நேரம் யந்திர இரைச்சலில் நின்று காது மரத்துப் போனவர்களுக்குத் தெரியும்: சத்தம் வேறு, வீரம் வேறு. அலறுகிறவனைக் கண்டு நாம் பயப்படுவதில்லை. அவன் யாருக்காக அலறுகிறான் என்று தெரிந்தால்தான் நெஞ்சு துடிக்கும்.

இதற்கு மாறான உதாரணம் ஜப்பானில் இருக்கிறது. 1954 மார்ச் 1-ஆம் தேதி, பசிபிக் கடலில் பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அதன் நச்சுச் சாம்பல், தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின் மேல் விழுந்தது. படகில் இருந்தவர்கள் 23 பேர். அவர்களில் ஒருவர் செப்டம்பரில் இறந்தார். ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்து அப்போது 9 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதே 1954 நவம்பரில் 'காட்ஜில்லா' வெளிவந்தது. டைரக்டர் இஷிரோ ஹோண்டா. குண்டுச் சோதனையால் கலைக்கப்பட்ட ஒரு ராட்சத மிருகம் கடலிலிருந்து வந்து டோக்கியோவை மிதிக்கிறது. அந்த மிருகம் என்பது என்ன? கனமான உடுப்புக்குள் ஒரு மனிதன்! சுற்றிலும் பொம்மை வீடுகள்! பார்த்தாலே தெரியும். ஆனாலும் கொட்டகையில் ஜனங்கள் அழுதார்கள். வாரிசுகளை இழந்த ஊரில், எரிகிற தெருவும் ஆஸ்பத்திரியில் கிடக்கும் குழந்தைகளும் பொம்மையாகத் தெரியவில்லை.

அந்தப் படத்தின் விஞ்ஞானி, மிருகத்தைக் கொல்லக்கூடிய ஒரு பயங்கரக் கருவியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறான். அது நாளை ஆட்சியாளர் கையில் ஆயுதமாகிவிடும் என்று அஞ்சுகிறான். குறிப்புகளை எரிக்கிறான், மிருகத்தோடு தானும் கடலடியில் மாண்டு போகிறான். சிலை யார் கையில் என்ற அதே கேள்வி! பாதாள பைரவியும் டோக்கியோ மிருகமும் இங்கே சந்திக்கின்றன.

கற்பனை எங்கே நிற்கிறது?

இனி, கெட்டிக்காரர்களும் சறுக்குகிற இடத்துக்கு வருகிறேன். 1957 அக்டோபரில் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை அனுப்பியது. 1961 ஏப்ரலில் ககாரின் பூமியைச் சுற்றி வந்தார். 1963-ஆம் ஆண்டில் தமிழில் 'கலை அரசி' வந்துவிட்டது. காசிலிங்கம் டைரக்ட் செய்தார், எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தார்கள். வேறு கிரகத்தார் பறக்கும் வாகனத்தில் வந்து, கலையில் தேர்ந்த ஒரு பெண்ணைத் தங்கள் கிரகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். சந்திரனில் மனிதன் கால் வைப்பதற்கு 6 ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் துணிச்சல்! பாராட்ட வேண்டும். ஆனால் அந்தக் கிரகத்தில் போய்ப் பார்த்தால் அங்கும் அரண்மனை, இளவரசி, கோமாளி! ஆகாயத்தைத் தாண்டிய கற்பனை, அரண்மனை வாசற்படியைத் தாண்டவில்லை.

சோவியத் நாட்டில் 1924-ஆம் ஆண்டிலேயே 'ஆலிடா' என்ற ஊமைப் படம் எடுத்தார்கள். டைரக்டர் புரோட்டசானோவ். அதில் செவ்வாய்க் கிரகத்தில் ராணி உண்டு. ஆனால் உழைப்பாளிகளும் உண்டு. வேலை இல்லாத காலத்தில் அந்த உழைப்பாளிகளைக் குளிர் அறையில் அடுக்கி வைத்துவிடுகிறார்கள். வேலை வந்தால் எடுக்கிறார்கள். நடவுக்குக் கூப்பிட்டு, அறுப்புக்குக் கூப்பிட்டு, நடுவிலே என்ன தின்பாய் என்று கேளாத ஒரு உலகத்தில் வாழ்கிற விவசாயத் தொழிலாளிக்கு இந்தக் காட்சி அர்த்தமாகாதா? கிரகம் செவ்வாய், நடப்பு நம் ஊர் நடப்பு.

1927-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பிரிட்ஸ் லாங் எடுத்த 'மெட்ரோபாலிஸ்' என்ற படம் ஷிப்டு மாறும் காட்சியோடு தொடங்குகிறது. தலை குனிந்து ஒரு வரிசை பாதாளத்துக்கு இறங்குகிறது. இன்னொரு வரிசை களைத்து வெளியேறுகிறது. மேலே முதலாளிகளின் வானளாவிய நகரம். அன்று அது வசூலில் தோற்றுப் பெரும் நஷ்டம் தந்தது. வெட்டிக் குறைத்தும் ஓடவில்லை. காணாமல் போன பகுதிகளில் பெரும்பங்கு 2008-ஆம் ஆண்டில் அர்ஜெண்டினாவில் கிடைத்தது. நூறாண்டு நெருங்கியும் அந்த ஷிப்டுக் காட்சியை உலகம் மறக்கவில்லை. ஆனால் முடிவு? முதலாளியின் மகன் நடுவில் நின்று, அப்பாவின் கையையும் போர்மேனின் கையையும் சேர்த்து வைக்கிறான், பிரச்னை தீர்ந்தது! வேலை நேரம் குறைந்ததா, கூலி உயர்ந்ததா, பாதாளத்திலிருந்து ஜனங்கள் மேலே வந்தார்களா என்று படம் சொல்லவில்லை. அந்த முடிவு தனக்கே திருப்தி தரவில்லை என்று பிரிட்ஸ் லாங் பிற்காலத்தில் சொன்னார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் கை குலுக்கி அனுப்புவதும் கடனைத் திருப்பாமல் ஓடுவதுதான்.

சிட்டியும் நம் யந்திரமும்

2010-ஆம் ஆண்டின் 'எந்திரன்' பெரு வெற்றி. ஷங்கர் டைரக்ட் செய்தார். எழுத்தில் சுஜாதாவின் பங்கு உண்டு. அதில் எனக்கு மறக்காத காட்சி பறக்கும் சண்டையோ வெடிக்கும் காரோ இல்லை. தீப்பிடித்த கட்டிடத்திலிருந்து சிட்டி என்ற யந்திர மனிதன் ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறது. குளித்துக்கொண்டிருந்தவளை அப்படியே தூக்கி வந்து கூட்டத்தின் நடுவே நிறுத்துகிறது. உயிரைக் காப்பாற்ற அதற்குத் தெரியும். மானம் என்றால் என்ன என்று தெரியாது. அவள் வெட்கம் தாளாமல் ஓடி, வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். கொட்டகை அந்த நிமிஷம் மூச்சுவிடாமல் இருந்தது. ஒரு கண்டுபிடிப்பு மனிதர் நடுவே வரும்போது என்ன நடக்கும் என்ற உண்மையான கேள்வி அங்கே இருந்தது. கடைசியில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் பந்தாகவும் பாம்பாகவும் உருளும்போது குழந்தைகள் குதூகலித்தார்கள். அந்தக் கேள்வி மட்டும் தூசியில் மறைந்து போயிற்று.

நம் ஊரிலேயே அந்தக் கேள்வி நடமாடுகிறது, தோழர்களே! வைண்டிங் பகுதியில் அறுந்த நூலை முடிச்சுப் போட எத்தனை பெண்கள் நின்றார்கள்? ஆட்டோகோனர் வந்தது, அறுந்த நூலை அதுவே இணைக்கிறது. பத்து நாள் அறுப்பை அறுவடை யந்திரம் ஒரே பொழுதில் முடிக்கிறது. யந்திரத்தின் மேல் நமக்குக் கோபம் இல்லை. இடுப்பொடியும் வேலையை அது செய்தால் வரவேற்போம். மிச்சமான நேரம் யாருக்கு, மிச்சமான பணம் யாருக்கு என்பதே கேள்வி. வெளியே நின்ற அந்த வைண்டிங் பெண்ணின் கண்ணால் ஒரு யந்திர மனிதன் கதையை யார் எடுக்கப் போகிறார்கள்? எடுத்தால் அதற்கு வெடிகுண்டும் வேண்டாம், வெளிநாட்டுக் காமிராவும் வேண்டாம்.

கேட்டுப் பழகுங்கள்

படம் பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இந்தப் படம் என்னிடம் எத்தனை பொய்யைக் கடன் கேட்டது? இதில் வந்த மாயம் யாருடைய தேவைக்காக வந்தது? தான் போட்ட சட்டத்தைத் தானே மீறியதா? கிளப்பிய கேள்விக்குப் பதில் சொன்னதா, சத்தம் போட்டு மறைத்ததா? டீக்கடையில் பேசுங்கள். பிள்ளைகளோடு பேசுங்கள். அவர்கள் உங்களைவிட நன்றாகக் கண்டுபிடிப்பார்கள்.

இன்னொன்றும் சொல்லுகிறேன். இன்று நம் இளைஞர்கள் கையில் கைப்பேசிக் காமிரா இருக்கிறது. வில்லுப்பாட்டும் கூத்தும் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு நாள் இரவு ஷிப்டில் யந்திரங்களெல்லாம் பேச ஆரம்பித்தால் என்ன பேசும்? கண்மாயில் தண்ணீர் வற்றாத ஒரு வருஷம் வந்தால் ஊர் எப்படி இருக்கும்? உங்களுக்குத் தெரிந்த ஒன்பது மெய்யை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஒரு பொய்யைச் சேருங்கள். அடுத்த கூட்டத்தில் அதை இந்த மேடையில் நடித்துக் காட்டுங்கள்; நாங்கள் தரையில் உட்கார்ந்து பார்க்கிறோம்.